திரிபலா மூணு மாசம்: கடைப் பொடி, டப்பா கேப்ஸ்யூல், அப்புறம் அந்த "தங்க இலை"

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டரும் இல்ல சித்த வைத்தியரும் இல்ல, மதுரையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கிட்டு நாள் பூரா சேர்ல உக்காந்திருக்கிற ஆளு. இது மூணு திரிபலா பொருளுக்கான ரிவ்யூ (திரிபலான்னா கடுக்காய், தான்றிக்காய், நெல்லி வத்தல் மூணும் சேர்ந்த பொடி), மூணையும் என் காசு போட்டு வாங்கி என் வயித்துல (கொஞ்சம் எங்க வீட்டுக்காரர் வயித்துலயும்) சோதிச்சு பார்த்தது. நீளமா இருக்கும், அவசரமா இருக்கிறவங்க கடைசிக்குப் போய் ஸ்டார் மட்டும் பார்த்துட்டுப் போயிடுங்க.

கதை எங்க ஆரம்பிச்சதுன்னா, போன கார்த்திகையில கடவாப்பல்லு வீங்கி ரூட் கெனால் பண்ணி அதுக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். பல்லு சரியாயிடுச்சு, வயிறு போயிடுச்சு. முதல் நாலு நாள் தண்ணியா போச்சு, அப்புறம் அப்படியே தலைகீழா மாறி மூணு நாளைக்கு ஒரு தடவைன்னு ஆயிடுச்சு, சாயங்காலம் ஆனா வயிறு டமாரம் மாதிரி உப்பிக்கும், ஆபீஸ்ல சுடிதார் நாடாவை லூஸ் பண்ணிட்டு உக்காந்திருப்பேன். எங்க தெரு டாக்டர்கிட்ட போனா அவர் சிரிச்சுக்கிட்டே "உள்ள குடியிருந்ததெல்லாம் காலி பண்ணிட்டுப் போயிருக்கும்மா, திரும்பி வர கொஞ்ச நாள் எடுக்கும், மோர் குடிங்க, காய் நிறைய சாப்பிடுங்க"ன்னு அனுப்பிட்டாரு. மாத்திரை எழுதித் தராத டாக்டரை நம்ம ஊர்ல யார் மதிக்கிறா, நானும் மதிக்கல.

எங்க அத்தைதான் (மாமியார்) "திரிபலா வாங்கி ராத்திரி வெந்நீர்ல போட்டுக் குடி, ஒரு மண்டலம் குடிச்சா குடல் கழுவி விட்ட மாதிரி ஆயிடும்"னாங்க. காலையில இஞ்சி, மத்தியானம் சுக்கு, சாயங்காலம் கடுக்காய்னு அவங்க வாயில எப்பவும் ஒரு பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும்.

சரி, முதல் பொருள். கீழமாசி வீதி பக்கம் ஒரு பழைய நாட்டு மருந்துக் கடை, உள்ள நுழைஞ்சாலே வசம்பும் பெருங்காயமும் கலந்து ஒரு வாசனை மூக்குல ஏறும், சின்னச் சின்ன மர டிராயர், ஒண்ணுலயும் பேர் எழுதல, அண்ணாச்சிக்கு மட்டும் எது எங்கன்னு தெரியும். "திரிபலா பொடி நூறு கிராம்"னு கேட்டேன். "அரைச்சது வேணுமா, காயா வாங்கி அரைச்சுக்கறீங்களாம்மா"ன்னாரு. எது நல்லதுன்னு கேட்டதுக்கு ஒரு கடுக்காயை எடுத்து சின்ன உலக்கையால தட்டி உடைச்சு உள்ள இருந்த கொட்டையைக் காமிச்சாரு. "இது உள்ள சேரக் கூடாது, சுக்குக்கு தோல் நஞ்சு, கடுக்காய்க்கு கொட்டை நஞ்சு, சில பேரு எடைக்கு ஆசைப்பட்டு கொட்டையோட சேர்த்து அரைச்சுடறான், பொடியானப்புறம் யாரு கண்டுபிடிக்கப் போறா"ன்னாரு. அதைக் கேட்டதும் காயாவே எடுத்து கொட்டையை நீக்கி அரைச்சுக் கொடுங்கன்னுட்டேன். கடுக்காய், தான்றிக்காய், நெல்லி வத்தல் மூணும் கொட்டை நீக்கி சம எடை, அவரே கடையிலயே மெஷின்ல அரைச்சு, ரெண்டு தடவை சலிச்சு வைக்கறேன், மறுநாள் வந்து வாங்கிக்கோங்கன்னாரு. நூறு கிராம் எழுபது ரூபா. பில் கிடையாது, பழைய காலண்டர் பேப்பர்ல பொட்டலம் கட்டி அதுக்கு மேல ஒரு கவர். கடைக்கு மார்க் போடணும்னா இந்த விஷயத்துல ஒரு மார்க் குறைப்பேன், எந்த மாசம் காய்ஞ்ச காய், எங்க இருந்து வந்தது ஒண்ணுமே தெரியாது, கேட்டா "நல்ல சரக்கும்மா"ங்கிறதுதான் பதில்.

ருசி. ஐயோ. முதல் வாய் துவர்ப்பு, ரெண்டாவது வாய் இன்னும் துவர்ப்பு, நாக்கை யாரோ உப்புத்தாள் வச்சு தேய்ச்ச மாதிரி, கடைசியில ஒரு கசப்பு வந்து தொண்டையில நிக்கும். பச்சை வாழைக்காயைக் கடிச்சா எப்படி இருக்கும், அதைப் பத்தால பெருக்கிக்கோங்க. பொடி தண்ணியில கரையாது, அடியில மண்ணு மாதிரி தங்கிடும், கலக்கிக்கிட்டே ஒரே மடக்குல குடிச்சாத்தான் உண்டு. குடிச்சப்புறம் வெந்நீர் ஊத்தி டம்ளரை அலசி அதையும் குடிக்கணும்னு அத்தை நிப்பாங்க பக்கத்துல, தப்பிக்க முடியாது.

அளவு விஷயத்துல ஒரு முட்டாள்தனம் பண்ணேன். அத்தை ஒரு தேக்கரண்டின்னாங்க, நான் சீக்கிரம் சரியாகட்டும்னு குவிச்சு ரெண்டு போட்டேன். மறுநாள் காலையில பெரியார் பஸ் ஸ்டாண்டு தாண்டறதுக்குள்ள பட்ட பாடு இருக்கே, அதை இங்க எழுத முடியாது. அதுக்கப்புறம் அரை தேக்கரண்டியில ஆரம்பிச்சு பத்து நாள் கழிச்சுத்தான் ஒரு தேக்கரண்டிக்குப் போனேன், அது ஏறக்குறைய அஞ்சு கிராம்கிட்ட வரும். முதல் வாரம் உப்புசம் குறையல, நிஜத்தைச் சொன்னா கூடிச்சு, வயித்துக்குள்ள கடமுடான்னு சத்தம், கெட்ட காத்து வேற. நிறுத்திடலாம்னு நினைச்சப்பதான் என் சித்தி பொண்ணு ஊர்ல இருந்து வந்தா, அவ மைக்ரோபயாலஜி படிச்சவ, சென்னையில ஒரு லேப்ல வேலை. அவ சொன்னதுதான் இந்த ரிவ்யூவோட முக்கியமான பகுதி, மத்ததெல்லாம் சும்மா.

"அக்கா, நீ குடிக்கிறது பாதிதான் மருந்து, மீதியை உள்ள இருக்கிறதுங்க செய்யுதுங்க"ன்னா. எனக்குப் புரியல. அவ விளக்கினா. நம்ம உடம்புல ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்காம், நம்ம சொந்த செல்லுங்களோட எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதானாம், எல்லா பாக்டீரியாவையும் சேர்த்து எடை போட்டா இருநூறு கிராம் தேறும்னு 2016ல கணக்குப் போட்டிருக்காங்க, அதுல பெரும்பங்கு பெருங்குடல்ல. கடுக்காயில அந்த நாக்கைத் தேய்க்கிற துவர்ப்பு இருக்கே, அது டானின், கெபுலாஜிக் ஆசிட், கெபுலினிக் ஆசிட்னு பெரிய பெரிய மூலக்கூறுங்க, அதெல்லாம் சிறுகுடல் சுவரைத் தாண்டி ரத்தத்துல சேர்றது ரொம்பக் கம்மி, அப்படியே கீழ இறங்கி பெருங்குடலுக்கு வந்துடும். அங்க இருக்கிற பாக்டீரியா அதை உடைச்சு எல்லாஜிக் ஆசிடாக்கி, அதை இன்னும் உடைச்சு யூரோலித்தின்னு ஒண்ணா மாத்தும், அந்தச் சின்ன சரக்குதான் ரத்தத்துக்குள்ள ஏறும். மாதுளம்பழத்துல, வால்நட்ல இருக்கிறதும் இதே கதைதானாம்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. எல்லார் குடல்லயும் இந்த வேலையைச் செய்யத் தெரிஞ்ச பாக்டீரியா கிடையாது. கார்டோனிபாக்டர்னு ஒரு இனம், அது மாதிரி சிலதுதான் இதைச் செய்யும். ஸ்பெயின்ல இதையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றவங்க மனுஷங்களை மூணு வகையா பிரிச்சிருக்காங்க, ஒரு கூட்டம் ஒருவித யூரோலித்தின் தயாரிக்கும், இன்னொரு கூட்டம் வேற கலவை தயாரிக்கும், மூணாவது கூட்டம் எதுவுமே தயாரிக்காது, எவ்வளவு மாதுளை சாப்பிட்டாலும் பூஜ்யம்தான். "நீ எந்தக் கூட்டம்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது"ன்னா. அப்போ அத்தைக்கு நல்லா வேலை செஞ்சது எனக்கு வேலை செய்யணும்னு ஒண்ணுமில்லயான்னு கேட்டேன். அத்தை பக்கத்து ரூம்ல இருந்து "எனக்குக் காது கேக்குது"ன்னாங்க.

இதை நான் வீட்டுலயே பார்த்தேன்ங்க. எங்க வீட்டுக்காரருக்கும் அதே பொட்டலம், அதே அளவு, அதே ராத்திரி. எனக்கு மூணாவது வாரத்துல இருந்து தினமும் காலையில ஒழுங்கா வெளிக்குப் போக ஆரம்பிச்சது, உப்புசம் பாதியாச்சு. அவருக்கு ஆறு வாரம் ஆகியும் ஒரு மண்ணும் இல்ல, நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, "வெந்நீர் குடிச்சதுக்கு இவ்வளவு துவர்ப்பா"ன்னு மட்டும் கேட்டாரு. அவரு சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறவரு, அந்த மாத்திரையே குடல் பாக்டீரியாவோட கலவையை மாத்திடும்னு சித்தி பொண்ணு சொன்னா, அதனாலயா, இல்ல அவரு அந்த மூணாவது கூட்டமா, இல்ல எனக்கே தானா சரியாகிற நேரத்துல நான் திரிபலா குடிச்சுட்டு அதுக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறேனா, கண்டுபிடிக்க வழியில்ல. கடைசியா சொன்னதுக்கு நிறையவே வாய்ப்பு இருக்கு, ஏன்னா டாக்டர் சொன்ன கொஞ்ச நாளும் அப்போ முடிஞ்சிருந்துச்சு.

ஆராய்ச்சி ஏதாவது இருக்கான்னு கேட்டேன். இருக்கு, ஆனா சின்னச் சின்னதா இருக்கு. 2020ல அமெரிக்காவுல சும்மா ஆரோக்கியமா இருக்கிற முப்பது சொச்சம் பேரைப் பிரிச்சு ஒரு கூட்டத்துக்கு திரிபலா, ஒரு கூட்டத்துக்கு மஞ்சிட்டின்னு இன்னொரு மூலிகை, ஒரு கூட்டத்துக்கு வெறும் போலி மாத்திரைன்னு 4 வாரம் கொடுத்து மலத்தைப் பரிசோதிச்சிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு விதமா மாறியிருக்கு, எல்லாருக்கும் பொதுவா இது ஏறுச்சு அது இறங்குச்சுன்னு அடிச்சு சொல்ற மாதிரி வரல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 2018ல மஞ்சளை வச்சு இதே மாதிரி ஒண்ணு, 30 பேரைச் சேர்த்து 8 வாரம், அதுலயும் ஆளுக்கு ஆள் வேறவேற பதில்தான். "சாம்பார்ல போடற மஞ்சளுக்கே இந்தக் கதைன்னா பாத்துக்கோ"ன்னா. எனக்கு இதைக் கேட்டப்ப ஏமாத்தமா இல்ல, ஒரு விதத்துல நிம்மதியா இருந்துச்சு, ஏன்னா எங்க வீட்டுக்காரர் "எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொன்னப்பல்லாம் நான் அவரு ராத்திரி புரோட்டா சாப்பிடறதைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்.

ஒரு விஷயம் பெண்களுக்காக சொல்லணும், கேட்டுக்கோங்க. எனக்கு ரத்தம் கம்மி, இரும்புச்சத்து மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் போடறது வழக்கம். திரிபலாவும் ராத்திரி. ரெண்டையும் சேர்த்தே ஒரு மாசம் சாப்பிட்டிருக்கேன் மக்கு மாதிரி. டானின் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது, டீ குடிச்சா இரும்பு சேராதுன்னு சொல்றாங்கல்ல அதேதான். நெல்லியில வைட்டமின் சி இருக்கே அது உதவும்லன்னு நான் வக்கீல் மாதிரி வாதாடினேன், டாக்டர் "வாதமெல்லாம் வேணாம், மாத்திரையை மத்தியானத்துக்கு மாத்திக்கோங்க"ன்னு முடிச்சுட்டாரு. அதே மாதிரி சுகர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை சாப்பிடறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க எல்லாம் டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.

ரெண்டாவது பொருள், கேப்ஸ்யூல். பொடி குடிக்க முடியாம ஆன்லைன்ல தேடி வாங்கினது. பேர் சொல்லல, அழகான பச்சை டப்பா, வெளிய ஒரு குடல் படம் போட்டு அதுக்குள்ள சிரிக்கிற பாக்டீரியா பொம்மைங்க, அறுபது கேப்ஸ்யூல் 749 ரூபா. திரிபலா எக்ஸ்ட்ராக்ட் 500 மில்லிகிராம், கூட பேசில்லஸ் கோயாகுலன்ஸ் 200 கோடின்னு போட்டிருந்துச்சு. "நல்ல பாக்டீரியாவை வளர்க்கும், கெட்ட பாக்டீரியாவை அழிக்கும்"னு முன்னாடியே பெரிய எழுத்து.

இதைப் பார்த்துட்டு சித்தி பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. எது நல்லது எது கெட்டதுன்னு கடுக்காய்க்கு எப்படித் தெரியும், அது என்ன ரேஷன் கார்டு பார்த்தா உள்ள விடுது. டானினுக்கு பாக்டீரியாவை அடக்கற குணம் பொதுவா உண்டு, சிலது அதைத் தாங்கும், சிலது தாங்காது, சிலது அதையே தின்னு வாழும், அவ்வளவுதான், அதுல நல்லவன் கெட்டவன் பார்க்கிற வேலை இல்ல. ஒரே இனம் ஒருத்தர் குடல்ல சாதுவா இருக்கும், வேற ஒருத்தருக்கு தொந்தரவு கொடுக்கும். இதுல ஒண்ணு மட்டும் கம்பெனி சரியா யோசிச்சிருக்குன்னா, கோயாகுலன்ஸ்ங்கிறது விதை மாதிரி ஒரு ஓட்டுக்குள்ள தூங்கற பாக்டீரியா, அதனால நம்ம ஊரு வெயில்ல கூரியர் வண்டியில கிடந்தாலும் சாகாம வரும், வயித்து ஆசிடையும் தாங்கும். ஆன்டிபயாடிக் முடிச்ச உடனே புரோபயாடிக் (உயிரோட பாக்டீரியா இருக்கிற) மாத்திரை போட்டா சீக்கிரம் சரியாகும்னு நான் நினைச்சிட்டு இருந்தேன், இஸ்ரேல்ல வைஸ்மான் இன்ஸ்டிடியூட்ல 2018ல 21 பேரை வச்சுப் பார்த்தப்போ, மாத்திரை சாப்பிட்டவங்க குடல் பழைய நிலைக்குத் திரும்ப சும்மா விட்டவங்களை விட லேட்டாயிருக்கு. அவங்க கொடுத்தது வேற வேற பாக்டீரியா கலந்த மாத்திரை, இந்த டப்பாவுக்கு அது அப்படியே பொருந்தும்னு சொல்ல வரல, ஆனா நம்ம டாக்டர் மோர் குடிங்கன்னு அனுப்பினது அவ்வளவு அலட்சியம் இல்லன்னு தோணுச்சு. மோர்னதும் ஞாபகம் வருது, சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில பழைய சோத்தையே குடல் நோய்க்குக் கொடுத்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, எங்க அத்தைகிட்ட சொன்னப்போ "இதுக்கு ஆராய்ச்சி வேறயா"ன்னுட்டு சின்ன வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க.

கேப்ஸ்யூல் எனக்கு என்ன பண்ணுச்சுன்னா, பெருசா ஒண்ணும் பண்ணல. துவர்ப்பு இல்ல, அது ஒரு பெரிய வசதி, வெளியூர் போனா பர்ஸ்ல போட்டுக்கலாம். ஆனா கணக்குப் பாருங்க, நான் குடிக்கிற பொடி அஞ்சு கிராம், இது அரை கிராம் எக்ஸ்ட்ராக்ட், எத்தனை கிராம் காயில இருந்து எடுத்ததுன்னு டப்பாவுல இல்ல, டானின் எத்தனை சதவீதம்னும் இல்ல. கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன், "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி"ன்னு ஒரு பதிலும் பத்து பர்சென்ட் கூப்பனும் வந்துச்சு. நான் ஜிஎஸ்டி நோட்டீஸுக்கு இப்படி பதில் போட்டா என் வேலை போயிடும்.

மூணாவதுதான் நான் எல்லாருக்கும் சொல்லணும்னு நினைச்சது. ஆபீஸ்ல ஒரு அக்கா கொடுத்தாங்க, "இது வேற லெவல், மறுநாளே ரிசல்ட்"னு. இதுவும் சூரணம்தான், டப்பாவுல பெருசா திரிபலான்னு போட்டு கூட "குடல் சுத்தி"ன்னு ஒரு பட்டம். பேர் வேணாம். ராத்திரி ஒரு ஸ்பூன், காலையில ஆறு மணிக்கு அலாரம் வச்ச மாதிரி வேலை செஞ்சது. வயித்தைக் கொஞ்சம் பிசையுற மாதிரி வலி, ஆனா ரிசல்ட் ரிசல்ட்தான். அடடா, இத்தனை நாள் இது தெரியாம போச்சேன்னு கீழமாசி வீதி பொடியை ஓரங்கட்டிட்டு பதினஞ்சு நாள் இதையே குடிச்சேன். ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போனதுல மறந்துட்டேன், மறுநாள் ஒண்ணுமே இல்ல, அதுக்கு மறுநாளும் இல்ல. குடிச்சாத்தான் போகும்னு ஆயிடுச்சு. அப்பதான் சந்தேகம் வந்து டப்பாவைத் திருப்பி சின்ன எழுத்தைப் படிச்சேன், ஹரீதகி, விபீதகி, ஆமலகி, அது நம்ம மூணு காயோட சமஸ்கிருதப் பேரு, நாலாவதா "ஸ்வர்ணபத்ரி". தங்க இலையாம். பேரைப் பார்த்தா ஏதோ ராஜ வைத்தியம்னு தோணுது இல்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, அண்ணாச்சிகிட்ட எடுத்துட்டுப் போய்க் காமிச்சேன். அவரு கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு "அட, இது நம்ம நிலவாகைம்மா"ன்னாரு.

நிலவாகை, நிலாவரைன்னும் சொல்வாங்க, இங்கிலீஷ்ல சென்னா. நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் வெயில் காட்டுல விளையறது, உலகம் பூரா மருந்து வியாபாரத்துல அதுக்கு "டின்னவெல்லி சென்னா"ன்னே பேரு, தூத்துக்குடி துறைமுகம் வழியா போகும். நம்ம ஊரு சரக்கு நமக்கே தங்க இலையா திரும்பி வருது பாருங்க. கெட்ட மருந்து இல்ல, டாக்டர்களே மலச்சிக்கலுக்குக் கொடுக்கிறதுதான், ஆனா கொஞ்ச நாளைக்குன்னு கொடுப்பாங்க, மாசக்கணக்குல தினமும் குடிக்கிற சரக்கு இல்ல.

இதுதான் குடல் பாக்டீரியா விஷயத்துக்கு நச்சுன்னு ஒரு உதாரணம்னா சித்தி பொண்ணு, போன்ல ஒரு மணி நேரம் பேசினா. நிலவாகை இலையில இருக்கிற சென்னோசைடுக்குத் தானா பேதி வைக்கிற சக்தி கிடையாது. சர்க்கரை ஒட்டின ஒரு பொட்டலம் மாதிரி அது, நம்ம குடல் அதை உறிஞ்சறதும் இல்ல உடைக்கிறதும் இல்ல, பெருங்குடல் பாக்டீரியா அந்தச் சர்க்கரையைக் கழட்டி எடுத்துட்டு மிச்சத்தை ரெயின் ஆன்த்ரோன்னு ஒண்ணா மாத்தும், அதுதான் குடலைப் பிசைஞ்சு, தண்ணியை இழுத்து வெளிய தள்றது. குடல்ல ஒரு பாக்டீரியாவும் இல்லாம வளர்த்த எலிங்களுக்கு சென்னோசைடு கொடுத்தா பேதியே ஆகல, அதை உடைக்கத் தெரிஞ்ச பாக்டீரியாவை உள்ள விட்டப்புறம்தான் ஆச்சுன்னு ஜப்பான்ல சோதிச்சு பார்த்திருக்காங்க. ராத்திரி குடிச்சா காலையில வேலை செய்யறதுக்குக் காரணமும் இதேதான், கீழ இறங்கி அதுங்க கையில போய்ச் சேர்றதுக்கே ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதிமதுரமும் இப்படித்தானாம், அதுல இனிக்கிற கிளிசிரைசினை குடல் பாக்டீரியா உடைச்சு மாத்தினப்புறம்தான் அது ரத்தத்துல ஏறுது, நிறைய நாள் நிறைய சாப்பிட்டா பிபி ஏத்தி பொட்டாசியத்தை இறக்கி விட்டுடும், அதனால இருமலுக்கு வாயில போட்டு மெல்றவங்க பிபி இருந்தா ஜாக்கிரதை.

நிலவாகையை வருஷக்கணக்கா குடிக்கிறவங்களுக்கு பெருங்குடல் உள்சுவர் கறுத்துப் போகும், கொலோனோஸ்கோபியில (கேமரா குழாய் விட்டு) பார்த்தா சிறுத்தைத் தோல் மாதிரி தெரியும், நிறுத்தினா மெல்ல மாறிடும். பொட்டாசியம் இறங்கறதுதான் பெரிய பயம், அதுவும் வயசானவங்களுக்கு, பிபிக்கு நீர் பிரியற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு. ஆபீஸ் அக்காகிட்ட சொன்னேன், அவங்க ரெண்டு வருஷமா குடிக்கிறாங்களாம், "எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னாங்க, அப்புறம் டாக்டரைப் பார்க்கிறேன்னு சொல்லியிருக்காங்க, பார்த்தாங்களான்னு தெரியல. கம்பெனி மேல என் கோபம் என்னன்னா சென்னா போட்டதுக்கு இல்ல, அதைத் தமிழ்நாட்டுல விக்கிற டப்பாவுல நிலவாகைன்னு தமிழ்ல போடாம தங்க இலைன்னு ஒளிச்சு வச்சு, முன்பக்கம் திரிபலான்னு போட்டதுக்கு. அதைக் குடிச்சுட்டு திரிபலாவுக்கு அஞ்சு ஸ்டார் போடறவங்க எத்தனை பேரோ.

நடுவுல ஒரு கூத்து. மலத்தை அனுப்பினா குடல் பாக்டீரியா ரிப்போர்ட் தர்ற டெஸ்ட் கிட் இருக்கே, குடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு எடுத்துப் பார்த்துடலாமான்னு யோசிச்சேன், ஒரு கிட்டே பல ஆயிரம். வேணாம்னு சித்தி பொண்ணு தடுத்துட்டா. அதுல வர்றது சதவீதம்தான், எண்ணிக்கை இல்ல, ஒரு இனம் செத்தாலே மத்தது எல்லாம் வளர்ந்த மாதிரி சதவீதத்துல ஏறித் தெரியும், முந்தா நாள் கிடா விருந்துல உக்காந்திருந்தா அதுவும் ரிப்போர்ட்ல வரும், ஒரு தடவை எடுத்த சாம்பிளை வச்சு மூலிகை வேலை செஞ்சுதா இல்லையான்னு சொல்ல முடியாதுன்னா. அந்தக் காசுக்கு எங்க வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கிட்டோம், பழசுல நெல்லி வத்தல் அரைச்சு பிளேடு போச்சு, அது தனி ரிவ்யூ.

வாங்கறவங்களுக்கு லேபிள் விஷயம் கொஞ்சம். சித்த, ஆயுர்வேத மருந்துன்னு விக்கறதுல ஆயுஷ் உற்பத்தி லைசென்ஸ் நம்பர் இருக்கணும், உணவுச் சப்ளிமென்ட்னு விக்கறதுல எஃப்எஸ்எஸ்ஏஐயோட (உணவுப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசு அமைப்பு) 14 இலக்க நம்பர் இருக்கணும், ரெண்டுமே இல்லாத டப்பா ஆன்லைன்ல எக்கச்சக்கம். மூலிகை மருந்துக்கு ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்துல பத்து பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3ன்னு உச்சவரம்பு இருக்கு, பேட்ச் வாரியா டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டா கொடுக்கிற கம்பெனியைப் பார்த்து வாங்குங்க. 2008ல அமெரிக்காவுல இன்டர்நெட்ல விக்கிற ஆயுர்வேத மருந்து 193 வாங்கி சோதிச்சதுல ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணுல ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்திருக்கு, அதுல இந்தியாவுல செஞ்சதும் உண்டு அமெரிக்காவுல செஞ்சதும் உண்டு. அண்ணாச்சி கடையில இந்த ரிப்போர்ட் எல்லாம் கேக்க முடியாது, அது எனக்கும் உறுத்தலாத்தான் இருக்கு, கொட்டையை நீக்கித்தான் அரைக்கிறாரு, ஆனா கண்ணுக்கு ஈயம் தெரியாதே.

ஸ்டார் போடறேன். கீழமாசி வீதி பொடிக்கு மூணரை, ருசிக்கும் பில் இல்லாததுக்கும் சேர்த்துக் குறைச்சது, எனக்கு வேலை செஞ்ச மாதிரி இருந்துச்சு, எங்க வீட்டுக்காரருக்கு செய்யல, உங்களுக்கு எப்படின்னு உங்க வயித்தைத்தான் கேக்கணும், அரை தேக்கரண்டியில ஆரம்பிங்க, ரெண்டு வாரத்துல ஒண்ணும் தெரியலன்னா அளவை ஏத்திக்கிட்டே போகாதீங்க. வெளிக்குப் போறப்ப ரத்தம் தெரிஞ்சாலோ, காரணமில்லாம எடை குறைஞ்சாலோ திரிபலாவைத் தேடாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பச்சை டப்பா கேப்ஸ்யூலுக்கு ரெண்டு, அதுல ஒண்ணு கசக்காம இருந்ததுக்கு. தங்க இலை சூரணத்துக்கு ஒண்ணு, வேலை செய்யலன்னு இல்ல, செய்யறது எதுன்னு சொல்லாததுக்கு.

இப்போ வாரத்துல மூணு நாள் மட்டும் பொடி, தினமும் மோர், ஞாயித்துக்கிழமை பழைய சோறு. கேப்ஸ்யூல் டப்பாவுல இன்னும் இருபத்திரெண்டு மிச்சம், ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு. டப்பா நல்ல காத்துப் போகாத மூடி, காலியானா பெருங்காயக் கட்டி போட்டு வச்சுக்கலாம்னு அத்தை காத்துக்கிட்டு இருக்காங்க, தினமும் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பார்க்கிறாங்க.